மாமன் வளர்த்த நாய்

அண்ணே,

உன் நாயின் கழுத்துப் பட்டையில் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலையிலிருந்து தேய்க்கிறேன், போவேனா என்கிறது. லாரி டியூபை நீளமாக வெட்டி, ஓட்டை போட்டு, உன் பழைய பெல்ட்டின் கொக்கியைக் கோத்து நீயே செய்த பட்டை. தண்ணீர் பட்டதும் அதிலிருந்து ரப்பர் வாடை கிளம்புகிறது. உன் பஞ்சர் கடையின் வாடை, உன் சட்டையின் வாடை. மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் தேய்க்கிறேன். அதையும் தெரிந்துகொள்.

செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்பார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுச் செத்தவர்களுக்கு அது பொருந்தும். நீ பத்து வருடம் என் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டு, கடையில் ஜாக்கி போட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டவன். சண்டையைப் பாதியில் விட்டு எழுந்து போன ஆளுக்கு நல்ல வார்த்தை எதற்கு? உன்மேல் இருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாமல் நின்றபோதுதான் உன் நாய் என் வீட்டுக்கு வந்தது. வகையாக மாட்டியது என்று நினைத்தேன்.

நேற்று கயலுக்குச் சடங்கு. உன் மருமகள் பெரிய மனுஷியாகிவிட்டாள். நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதற்கு முன்னால் பழையதைச் சொல்லிவிடுகிறேன். நீ உன் பக்கத்துக் கதையை மட்டும்தான் மேலே கொண்டு போயிருப்பாய்.

கயலுக்கு மூன்று வயதில் சிறுவாச்சூர் அம்மன் கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதென்று முடிவாயிற்று. நான் வாக்கப்பட்டது பெரம்பலூர். நீ அரியலூரை விட்டுப் போய்ப் பாடாலூரில் ஹைவே ஓரம் கடை போட்டு, கடைக்குப் பின்னாலேயே குடியும் இருந்தாய். இரண்டுக்கும் நடுவில் சிறுவாச்சூர். "அம்மனே நமக்கு நடுவுல உக்காந்துருக்கா பாப்பா, நீயும் நானும் சண்ட போட முடியாது" என்று நீதான் சொல்வாய். தாய்மாமன் வீட்டுக்கு நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும், அவன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அந்த முறைப்படி நானும் என் வீட்டுக்காரரும் மாமியாரும் கயலைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தோம்.

உன் நாய்க்கு அப்போது ஒரு வயது இருக்கும். பழைய டயர் அடுக்குக்குள் யாரோ போட்டுவிட்டுப் போன குட்டி என்பதால் அதற்கு டயர் என்றே பெயர் வைத்துவிட்டாய். அதற்கு நீ கற்றுக்கொடுத்த ஒரே வித்தை, ஆள் முகத்தை நக்குவது. லாரி டிரைவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்ததும் "டயரு, முத்தா குடு" என்பாய். அது முன்னங்காலைத் தூக்கி அவர்கள் தொடையில் வைத்து, தாடையிலிருந்து நெற்றிவரை ஒரே இழுப்பாக இழுக்கும். அதற்குக் கூலியாக ஒரு பொறை. "மூஞ்சி கழுவுற தண்ணி மிச்சம்ணே" என்று டிரைவர்களிடம் சொல்லிச் சிரிப்பாய். நாளாக ஆக நீ சொல்லவே வேண்டியிருக்கவில்லை. யார் வந்து உட்கார்ந்தாலும் நக்கிவிட்டு, பொறைக்காக உன் கையைப் பார்க்கும்.

என் மாமியார் அன்று அம்மனுக்கு விரதம். உன் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். டயர் எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. ஒரே இழுப்பு. நெற்றிக் குங்குமம் மூக்குநுனி வரைக்கும் இறங்கிவிட்டது.

"அய்யய்யோ! சீ! வெரதம் இருக்குறவ மூஞ்சில வாய வச்சுடுச்சே!"

நீ சிரித்தாய். சிரிக்கிற நேரமா அது? "ஒண்ணும் பண்ணாதுங்க அத்தை. பிரியத்துல முத்தம் குடுக்குது. எங்க வூட்டுப் புள்ளைங்க அது."

அத்தை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஆமாமா. புள்ள இல்லாத வூட்டுல நாயத்தான் புள்ளன்னு கொஞ்சணும். அதையாச்சும் அடக்கி வளக்கத் தெரியுதா?"

காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்ற அண்ணி அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டார். நீ அத்தையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாய். மாமியார் ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம், கையில் வெற்றிலைத் தட்டு, இடுப்பில் பிள்ளை. நான் என்ன பேசியிருக்க முடியும்? அன்று சாயந்திரம் நான் திரும்பிப் போய் அடுப்பு மூட்ட வேண்டியது அந்த வீட்டில்தானே? இதெல்லாம் உனக்குத் தெரியாததா? தெரிந்துதான் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டாய். "வந்துடறேன் பாப்பா" என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாய்.

வந்தாயா?

வெள்ளிக்கிழமை. கோவிலில் நல்ல கூட்டம். மாவிளக்குக்கு இடித்த வெல்லமும் மாவும் வெயிலில் இளகிக்கொண்டிருந்தன. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு கயல் என் இடுப்பில் நெளிகிறாள். ஆசாரி கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் கேட்டுவிட்டார். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் மொபெட் வருகிற சத்தம் எனக்குக் கூட்டத்திலும் தெரியும். போன் போட்டால் மணி அடிக்கிறது, அடிக்கிறது, நின்றுவிடுகிறது. "மாமன் வரலியா? மாமன் எங்க?" என்று வந்தவர்கள் எல்லாம் என்னைத்தான் கேட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பொய் சொன்னேன். லாரி ஒன்று நடுரோட்டில் நிற்கிறது என்றேன், மொபெட் பஞ்சர் என்றேன். பஞ்சர் கடைக்காரன் மொபெட் பஞ்சராம். எனக்கே வெட்கமாக இருந்தது.

கடைசியில் அத்தை தன் தம்பியைக் கூப்பிட்டார். "மடின்னு ஒண்ணு வேணும், அவ்வளவுதான? எந்தம்பி மடி இருக்கு. நீங்க குத்துங்க ஆசாரி." அந்த மனுஷன் வாய் நிறையப் புகையிலையோடு சப்பணம் போட்டு உட்கார்ந்தார். கயல் வீறிட்டது ஊசிக்கா, அந்த வாடைக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீ வாங்கி வைத்திருப்பதாகச் சொன்ன தோட்டுக்குப் பதிலாக என் தோட்டையே கழற்றிக் கொடுத்தேன். பிள்ளைக் காதில் அது கனத்துத் தொங்கியது.

அதற்குப் பிறகு என் வீட்டில் எந்தப் பேச்சு எடுத்தாலும் முடிகிற இடம் அதுதான். சாம்பாரில் உப்பு கூடினாலும் "மாமன் மடி இல்லாத புள்ளயப் பெத்தவ" என்று முடியும். உனக்கு அந்தச் சொல் ஒரு தடவைகூடக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்காத மாதமே கிடையாது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நான் அம்புகூட இல்லை அண்ணே, பக்கத்தில் நின்றவள். கோபம் வந்தால் அத்தையிடம் காட்டியிருக்க வேண்டும். திருப்பி நாலு கேள்வி கேட்டிருக்கலாம், நாற்காலியைத் தூக்கிப் போட்டிருக்கலாம், நான் உள்ளுக்குள் கைதட்டியிருப்பேன். நீ பயந்தாங்கொள்ளி. அவரிடம் சிரித்துவிட்டு என்னை அடித்தாய்.

அரியலூரில் சித்தப்பா மகன் கல்யாணப் பந்தியில் உனக்கு எதிர் வரிசையில் வந்து உட்கார்ந்தேன். நீ நிமிர்ந்து பார்த்தாய், முகத்தைத் திருப்பிக்கொண்டாய், சோறு போட்ட இலையை மூடிவிட்டு எழுந்து போனாய். அதே அரியலூரில், சின்ன வயசில் சிமெண்டு லாரி தூசியில் நான் வெள்ளையடித்த சுவர் மாதிரி வந்து நிற்கும்போது, பள்ளிக்கூட வாசலில் உன் துண்டை நனைத்து என் முகத்தைத் துடைத்துவிட்டு உள்ளே அனுப்புகிறவன் நீ. அந்தக் கையா இலையை மூடியது என்று பார்த்துக்கொண்டே நான் சாப்பிட்டேன். பாயசம்வரை சாப்பிட்டேன். உனக்காக நான் பட்டினி கிடக்க முடியாது.

ஒரு தீபாவளிக்கு மனசு கேட்காமல் அதிரசம் கட்டிக்கொண்டு பஸ் ஏறி உன் கடைக்கே வந்தேன். நீ தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தது உனக்குத் தெரியும். தலை நிமிரவில்லை. டயர்தான் ஓடி வந்தது. தொடையில் காலை வைத்து என் முகத்தை நக்கியது. அன்று என் முகத்தில் நக்குவதற்கு உப்பு நிறைய இருந்தது. நீ குமிழியையே பார்த்தபடி "டயரு, வா இங்க" என்றாய். அத்தனை வருடத்தில் என் காதில் விழுந்த உன் பேச்சு அது ஒன்றுதான். அதிரசத்தை ஸ்டூலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். நீ தின்றாயா, நாய்க்குப் போட்டாயா, அதைக்கூட நான் தெரிந்துகொள்ள விடாமல் போய்விட்டாய்.

உன் காரியம் முடிந்து சில நாளில் அண்ணி போன் செய்தார். ஜெயங்கொண்டம் பக்கம் தாய் வீட்டுக்கே போகிறாராம். அங்கே ஆடும் கோழியும் வயசான அப்பாவும். நாயைக் கொண்டுபோக முடியாதாம். "வேற யாரக் கேக்குறதுன்னு தெரியல பாப்பா" என்றார். நான் யோசிக்கவே இல்லை, சரி என்றேன். இரக்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ இந்த உலகத்தில் விட்டுப்போனது ஒரு பூட்டிய கடையும் ஒரு நாயின் வித்தையும்தான். அந்த வித்தையை அழித்துவிட்டால் உன்னை ஒரு கை பார்த்தது போலத்தானே? அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

என் வீட்டுக்காரர் குட்டியானை வண்டி பிடித்துப் போய் டயரை ஏற்றிக்கொண்டு வந்தார். வாயெல்லாம் நரைத்துப் போயிருந்தது. அத்தை வாசலிலேயே நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இருக்கட்டும். ஆனா இந்த வூட்டுல ஒருத்தர் மூஞ்சில அது நாக்கு பட்டுச்சு, அன்னிக்கே பாடாலூர் ரோட்டுல கொண்டுபோயி விட்டுடுவேன். அஞ்சுல வளையாதது, கெழடு தட்டுனப்பறமா வளையப் போவுது?"

ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சையே அடக்கிய டீச்சர் நான். ஒரு நாயா என்று இறங்கினேன். முதலில் கன்னத்தில் வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். கசந்தால் விட்டுவிடும் என்பது என் எண்ணம். உன் நாய் அதையும் வழித்து நக்கிவிட்டுப் பொறை கேட்டது. கத்திப் பார்த்தேன். கத்தினால் விளையாட்டு என்று நினைத்து இன்னும் இரண்டு இழுப்பு. உன் புத்தி அப்படியே.

வழி சொன்னது அடுத்த வீட்டு ஜமீலாவின் கணவர். லப்பைக்குடிக்காட்டுக் குடும்பம், பிள்ளைகள் படிப்புக்காகப் பெரம்பலூரில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர் துபாயில் ஒரு பெரிய வீட்டுக்கு டிரைவர். அந்த வீட்டில் நாய்களுக்குப் பாடம் சொல்ல ஆள் வருவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். ஜமீலாவுக்கும் இதில் அவசரம் இருந்தது. டயர் வந்ததிலிருந்து அவள் என் வீட்டுக்குள் வருவதில்லை. கேட்டுக்கு வெளியே நின்றே பேசுவாள். "நாயி எச்சி பட்டா ஏழு தடவ கழுவணும்க்கா, அதுல ஒரு தடவ மண்ணப் போட்டு. மூஞ்சில எப்புடிக்கா மண்ணப் போடுறது?" என்பாள்.

அவள் கணவர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை மூன்று தரம் போட்டுக் கேட்டேன். "அக்கா, அடிக்காதீங்க, கத்தாதீங்க. நாக்கு வந்துச்சுன்னா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு எந்திரிச்சுப் போயிடுங்க. ஒரு வார்த்த பேசாதீங்க. அது தானா உக்காருச்சுன்னா ஒடனே திரும்பி வந்து தடவிக் குடுங்க, பொறை குடுங்க. வூட்டுல எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும், ஒருத்தர் எடம் குடுத்தாலும் கெட்டுச்சு."

முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், எழுந்து போய்விட வேண்டும். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்குத் துபாயிலிருந்தா ஆள் சொல்ல வேண்டும்? பத்து வருடம் நீ என்மேல் நடத்திக் காட்டிய பாடம் அல்லவா? பந்தியில் நீ எழுந்த மாதிரியே எழுந்தேன். உன் மாதிரியே கழுத்தைத் திருப்பினேன். டயர் பின்னாலேயே வந்து காலைச் சுற்றும், முனகும். நான் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். பார், உன் நாய்க்கு உன் மருந்து என்று மனசுக்குள் உன்னிடம் சொல்லிக்கொள்வேன். அதில் எனக்கு இருந்த திருப்தியை மறைக்க மாட்டேன்.

சில வாரத்தில் டயருக்குப் புரிந்துவிட்டது. இந்த அம்மாவின் முகம் வேண்டுமென்றால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் திரும்பி வருவாள். நாக்கு வாய்க்குள் துடிக்கும், வால் தரையைப் பெருக்கும், ஆனாலும் பின்னங்காலை மடக்கி உட்கார்ந்துவிடும். நானும் வாக்குத் தவறாமல் திரும்பி வந்து தலையைத் தடவுவேன். அப்படித் தடவிக்கொண்டிருந்த ஒரு நாள்தான் எனக்குப் பழைய கோபத்தைவிடப் பெரிய கோபம் வந்தது. நாய்க்குக்கூட ஒரு வழி சொல்லித்தான் முகத்தைத் திருப்புகிறோம். இப்படிச் செய்தால் உன்னைப் பார்ப்பேன் என்று அதற்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறோம். நீ எனக்கு எதைத் திறந்து வைத்தாய்? நான் எங்கே உட்கார வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தடவையாவது காட்டியிருந்தால் செய்திருப்பேனே. நாய்க்குக் கிடைத்த நியாயம் தங்கைக்குக் கிடைக்கவில்லை.

இடம் கொடுத்துக் கெடுத்தவள் கயல்தான். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், கொல்லைப் படியில் உட்கார்ந்து கண்ணை மூடி முகத்தை நீட்டிக்கொண்டிருக்கிறாள். டயர் பொறுமையாகத் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கிறது. திட்டினேன். அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், "மாமாவும் இப்புடித்தான் காட்டிக்கிட்டு உக்காந்துருப்பாராம்மா?" உன் முகமே அவளுக்குத் தெரியாது. உன்னை அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்ததுதான். "கைகால் கழுவிட்டு வா" என்றேன்.

அவளுக்காகத்தான் மறுபடி துபாய்க்குக் கேட்டு அனுப்பினேன். அடியோடு நிறுத்துவது நாய்க்குப் பாவம், ஒரு வார்த்தையோடு கட்டிப் போடுங்கள், வார்த்தை சொன்னால் மட்டும் நக்கட்டும், மற்ற நேரம் உட்காரட்டும் என்று பதில் வந்தது. புதுசாக எதற்கு வார்த்தை? நீ வைத்த வார்த்தையே இருக்கிறது. கொல்லையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, குனிந்து, "டயரு, முத்தா குடு" என்றேன். அதன் காது இரண்டும் நிமிர்ந்தன. என்னைப் பார்க்காமல் கேட்டைப் பார்த்தது. கொஞ்ச நேரம் கேட்டையே பார்த்துவிட்டு, பிறகுதான் திரும்பி வந்து என் முகத்தை ஒரு இழுப்பு இழுத்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன். அன்றிலிருந்து அந்த வார்த்தையை நானும் கயலும் தவிர யாரும் சொல்லக் கூடாது என்று சட்டம். அதுவும் கொல்லையில் மட்டும்தான்.

பரீட்சை வைக்க ஜமீலாவைக் கூப்பிட்டேன். தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு நேராக வந்து, முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். டயர் வந்தது, அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். டயர் உட்கார்ந்தது. "அல்ஹம்துலில்லா, மூஞ்சி தப்பிச்சுது. மஹ்ரிபுக்கு நேரமாச்சுக்கா" என்று எழுந்து ஓடினாள். மறுநாளிலிருந்து பழையபடி அடுக்களைவரை வரத் தொடங்கினாள். உன் வித்தையை ஒழித்துவிட்டேன் என்று அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

இனி நேற்றைய கதை. வாசலில் சாமியானா, பக்கத்து வீதிவரை நாற்காலி. தாய்மாமன் சீர் வைக்கிற நேரத்துக்கு, அத்தை ஏற்பாட்டின்படி, மறுபடியும் அவர் தம்பி. புகையிலையைத் துப்பிவிட்டு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தயாராக நின்றார். அண்ணி ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். தட்டில் பட்டுப் பாவாடை தாவணி, வளையல், பழம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்னத் தோடு. சிறுவாச்சூர் காது குத்துக்காக நீ வாங்கி வைத்திருந்த அதே தோடு. பத்து வருடமாகப் பீரோவிலேயே இருந்ததாம். வாங்கத் தெரிந்தவனுக்குக் கொண்டுவரத் தெரியவில்லை பார். அண்ணி அந்தத் தட்டை வைத்துக்கொண்டு, தாலி அறுத்தவள் முன்னால் வரக்கூடாது என்று தானாகவே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒதுங்கி நின்றார்.

டயர் கயலுக்குப் பக்கத்தில் மணையை ஒட்டி உட்கார்ந்திருந்தது. நலங்கு வைத்த மஞ்சள் கையாலேயே கயல் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பட்டையில் ஏறிய மஞ்சள் அதுதான். எத்தனை பேர் வந்து குனிந்தார்கள், எத்தனை முகம் அதன் வாய்க்குப் பக்கத்தில் போயிற்று. அது அசையவில்லை. அத்தை எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், புதுப்பட்டும் பெரிய குங்குமமுமாக உட்கார்ந்து எல்லாரிடமும் காட்டினார்.

"பாத்தீங்களா, எப்புடி அடங்கி உக்காந்துருக்குன்னு? எம்மருமவ வளப்பு. இவ அண்ணங்காரன் வளத்தப்ப வர்றவுங்க மூஞ்சியெல்லாம் நக்கிக்கிட்டுத் திரிஞ்சுது. புள்ளையும் பெத்துக்கல, ஒரு நாயையும் ஒழுங்கா வளக்கத் தெரியல. அந்த ஆளுக்கெல்லாம் எதுக்கு மடி? அன்னிக்கு வராததே நல்லதாப் போச்சு."

பத்து வருடத்தில் என் மாமியார் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் பாராட்டு அது. உன்னை நான் மனசுக்குள் திட்டியதில் பாதி அதில் இருந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றியது போல இருந்தது. உன்னைத் திட்ட நான் இருக்கிறேன். அதற்கு வேறு ஆள் வைக்கவில்லை. தொட்டிப் பக்கம் பார்த்தேன். அண்ணி தட்டோடு உள்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் காப்பித் தட்டோடு திரும்பினாரே, அதே திரும்பல்.

நான் மணைக்குப் பக்கத்தில் குனிந்தேன். அத்தையைக் கையால் காட்டினேன்.

"டயரு, முத்தா குடு."

அது என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது. கொல்லையில் மட்டும் என்ற சட்டத்தை இந்த அம்மாவே மீறுகிறாளே என்று சந்தேகம் போல. வயசான இடுப்பை மெதுவாகத் தூக்கி எழுந்தது, நடந்து போனது, முன்னங்கால் இரண்டையும் புதுப்பட்டில் வைத்தது. தாடையிலிருந்து நெற்றிவரை, ஒரே இழுப்பு. குங்குமம் மூக்குநுனி வரைக்கும் இறங்கியது.

"அய்யய்யோ! சீ!" என்று அத்தை போட்ட கூச்சலில் சமையல்காரர்கள் கரண்டியோடு ஓடி வந்தார்கள். பந்தல் முழுக்கச் சிரிப்பு. கயல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அண்ணி தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். நீ போன பிறகு அவர் சிரித்து இப்போதுதான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார். "தொடைங்கம்மா, போட்டோக்காரர் நிக்கிறாரு" என்றார் பாவம்.

"இன்னிக்கே! இன்னிக்கே இந்த நாய் பாடாலூர் ரோட்டுக்குப் போவணும்!"

"போவட்டும் அத்தை. கூடவே நானும் போறேன், கயலும் வருவா. பந்திய நீங்க பாத்துக்குங்க" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. "இல்லன்னா மூஞ்சியக் கழுவிட்டு வந்து உக்காருங்க. எங்க அண்ணி சீர் வைக்கப் போறாங்க."

நான் தொட்டிப் பக்கம் போய் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். "வேணாம் பாப்பா, நான் வரக்கூடாது" என்று அவர் காலை ஊன்றினார். "எங்க அண்ணன் மாதிரி நீங்களும் வராம இருந்துடாதீங்க அண்ணி" என்றேன். அதற்குப் பிறகு அவர் கையை இழுக்கவில்லை. புகையிலைக்காரர் தானாகவே ஒதுங்கிக்கொண்டார். அண்ணி தட்டைக் கயல் கையில் கொடுத்தார், மாலை போட்டார், அந்தச் சின்னத் தோட்டைக் காதில் மாட்டிவிட்டார். மூன்று வயதுப் பிள்ளைக்கு வாங்கிய தோடு. பதிமூன்று வயதுக் காதில் கடுகு மாதிரி இருந்தது. கயல் அதைக் கழற்றவே இல்லை, இப்போதும் அதோடுதான் தூங்குகிறாள்.

அத்தை நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. காப்பி வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்கு அது பழக்கம்தான். நாயைப் பற்றி மட்டும் பேச்சு எடுக்கவில்லை. இனி எடுக்கவும் மாட்டார். டயர் இங்கேதான் இருக்கும்.

நேற்று செய்ததை உனக்காகச் செய்தேன் என்று மேலே உட்கார்ந்து பெருமையடித்துக்கொள்ளாதே. அன்று பாடாலூரில் நீ செய்திருக்க வேண்டியதை, நீ செய்யாததால், நான் செய்தேன். உன்மேல் உள்ள கோபம் ஒரு துளி குறையவில்லை. சிறுவாச்சூர் ரோட்டை நான் பார்த்து நின்ற வெயில் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அந்தக் கோபத்தை யாருக்கும் பங்கு கொடுக்க மாட்டேன், என் மாமியாருக்கு நிச்சயமாகக் கொடுக்க மாட்டேன். அது என்னுடையது. உன் வார்த்தையும் இப்போது என்னுடையது. உன் நாய் அதை என் வாயிலிருந்துதான் கேட்கிறது. கொல்லையில் ஒவ்வொரு தடவையும் முதலில் கேட்டைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறது, அதற்கு மட்டும் நான் இன்னும் பாடம் எடுக்கவில்லை.

பட்டையைக் காயப் போட்டுவிட்டேன். மஞ்சள் போகவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு நாள் நானும் அங்கே வருவேன் அண்ணே. என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு ஓடி வராதே. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போவேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீ பேசாமல் உட்கார். உட்கார்ந்தால் திரும்பி வருவேன்.